உவர்நிலமும் பிறப்புரிமையும்

திருக்குறளிற் கல்லாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் எந்தத் தமிழாசிரியனும் களர்நிலத்தைக் கடந்து செல்ல முடியாது. கல்லாதவரை விளைவு தராத களருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பத்தாந் தரத்து வகுப்பொன்றில், நானும் வழக்கம்போல அவ்வுவமையை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். உப்புப் பூத்த நிலத்தில் எதுவும் முளையாது, மழை பெய்தும் பயனில்லை, எருவிட்டும் பயனில்லை என்று நான் அடுக்கிக்கொண்டு போகையில் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், எங்கட வளவுக்குப் பின்னாலை முழுக்கக் களர்தான். அதிலை உமரி முளைக்குது, கண்ணா நிக்குது. ஏன் சேர் ஒண்டும் முளைக்காது எண்டு சொல்லுறியள்?"

வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்து, "வள்ளுவர் நெல்லைப் பற்றிச் சொல்கிறார், உமரியைப் பற்றியல்ல" என்று சமாளித்துவிட்டு அடுத்த குறளுக்குப் போனேன். கடனீரேரிக் கரையிலிருந்து துவிச்சக்கரவண்டியில் வரும் பையன் அவன். தகப்பன் இறாலும் நண்டும் பிடிப்பவர். வாரத்தில் இரண்டு நாள் அவன் பாடசாலைக்கு வருவதில்லை. வலையிழுக்க ஆள் இல்லாத நாட்கள் அவை.

இடைவேளையின்போது ஆசிரியர் அறையில் அவனுடைய கேள்வியை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். எனக்கு மூத்தவர் ஒருவர், பதினைந்து வருடமாக அங்கே கற்பிப்பவர், தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "உந்தக் கரைப் பிள்ளையளுக்குக் கதைதான் வரும் மாஸ்டர், படிப்பு ஏறாது. அது அவையின்ரை பிறப்பிலையே இல்லை."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் சாதியொழிப்பைப் பற்றிக் கூட்டங்களிற் பேசியவன் நான். அன்று கோப்பையின் அடியிற் கிடந்த தேயிலைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகவே, பெரும்பாலும், இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

பிறப்பிலேயே இல்லை என்ற சொல் என்னைத் தொடர்ந்து வந்தது. எங்கள் பாடநூல்கள் உயிரியலின் ஒரு துறைக்குப் பிறப்புரிமையியல் என்று பெயரிட்டிருக்கின்றன. தமிழகத்தார் அதையே மரபியல் என்பர். தமிழ் படித்தவனுக்கு இரண்டு பெயருமே சங்கடந் தருவன. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்றே பெயர். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொடங்கி ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் அந்த இயலிலேதான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்ற பாகுபாடும் வருகிறது. பின்னர் எவரோ செருகிய பகுதி அது என்று வாதிடுவோர் உளர். இருக்கலாம். பிறப்புரிமை என்ற சொல்லோ இன்னும் வெளிப்படையானது. யாழ்ப்பாணத்தில் எவருக்கு எது பிறப்புரிமை, எவருக்கு எது இல்லை என்பதை விளக்க நூல் எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே பிறப்பு என்பதை விஞ்ஞானம் எவ்வாறு சொல்கிறது என்று அறிய விரும்பினேன். எங்கள் உயிரியல் ஆசிரியர் என் நண்பர். பல மாலை வேளைகளில் அவரிடம் மாணவனாக இருந்தேன்.

உப்பு ஒரு செடியை இருவகையில் வருத்துகிறது. மண்ணீரில் உப்பு மிகும்போது வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை; நீருக்கு நடுவே நின்றுகொண்டு செடி தாகத்தால் வாடுகிறது. இது முதலில் நேர்வது. பின்னர் வேரினுட் புகுந்த சோடியம் காழ்க்கலன்கள் வழியே மேலேறி இலைகளிற் சேர்கிறது. சோடியமும் பொற்றாசியமும் இயல்பால் நெருங்கியவை. பொற்றாசியம் இருக்கவேண்டிய இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ள, கலத்தினுள்ளே நொதியங்களின் தொழில் குலைகிறது. முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்குகின்றன. நெல் இதில் மிக மெலிந்த பயிர். மண்ணின் உவரை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். கடல்நீர் ஏறத்தாழ 50 என்று அளவு காட்டும் கருவியில், மண் 3ஐத் தாண்டியதுமே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. வாற்கோதுமை 8 வரை தாங்கும்.

செடிகள் இதற்கு எதிராகச் செய்பவையும் சில உண்டு. உட்புகுந்த சோடியத்தைக் கலத்துக்கு வெளியே தள்ளலாம். தள்ள முடியாததைக் கலத்தினுள்ளே புன்வெற்றிடம் என்ற பையில் அடைத்துவைக்கலாம். இலையை அடையுமுன் வழியிலேயே மறித்து மீட்கலாம். கண்ணா மரம் இவற்றோடு நில்லாது, இலையிலுள்ள சுரப்பிகளால் உப்பை வெளியே கக்கிவிடுகிறது. இதை நான் நண்பரிடம் கேட்டறிந்து வந்து வகுப்பிற் பெருமையோடு சொன்னேன். மறுநாட் காலை அந்தப் பையன் ஒரு கண்ணா இலையைக் கொப்பித் தாளில் மடித்துக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "நக்கிப் பாருங்கோ சேர்." இலையின்மேல் வெள்ளைத் துகள்கள் மின்னின. நக்கினேன். அவன் சிறு வயது முதல் அறிந்திருந்த செய்தியைத்தான் நான் புத்தகவழியாக அவனுக்கே சொல்லியிருக்கிறேன்.

இத்தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம் வேண்டும். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு பரம்பரையலகு. 1990களில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜியன்-காங் சூ என்ற சீன விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அராபிடொப்சிசு என்னும் கடுகினத்துச் சிறுபூண்டை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் உப்பைத் தாங்கும் செடிகளைத் தேடவில்லை. சிறிதளவு உப்புக்கே விழுந்துவிடும் விகாரிகளைத் தேடினார்கள். எது பழுதானதால் இது விழுந்தது என்று கேட்டுக் கேட்டு, ஒன்றோடொன்று தொடர்புபட்ட மூன்று புரதங்களைக் கண்டார்கள். கல்சியத்தின் மாற்றத்தால் உவரின் வருகையை உணர்வது ஒன்று; அச்செய்தியை ஏற்றுச் செயற்படுத்துவது மற்றொன்று; சோடியத்தை வெளியே தள்ளும் வாயில் மூன்றாவது. இதில் என்னைத் திகைக்கவைத்த செய்தி வேறு. அந்தப் பூண்டு உவர்நிலத்துக்கு உரியதன்று. உப்புக்கு எளிதில் தோற்பது. ஆயினும் இந்த மூன்றும் அதனிடம் உண்டு. உவரில் வாழும் அதன் உறவுப் பூண்டிடமும் பெரும்பாலும் அதே பரம்பரையலகுகளே இருக்கின்றன. எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் தொழிற்படுகின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு. பிறப்பில் உண்டு, பிறப்பில் இல்லை என்று இரண்டாகப் பிளக்கும் பேச்சு ஒரு பூண்டுக்கே பொருந்தவில்லை.

நெல்லில் நடந்த ஆராய்ச்சி எங்களுக்கு இன்னும் அண்மையானது. வங்காளத்து நெல்வகை ஒன்றுக்கு நொனா பொக்ரா என்று பெயர். நொனா என்றால் வங்கமொழியில் உவர் என்றுதான் பொருள். அதை யப்பானிய நெல் ஒன்றோடு கலப்புச் செய்து, சந்ததிகளை ஆராய்ந்து, 2005இல் சீன விஞ்ஞானிகள் முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகைப் பிரித்தறிந்தார்கள். அது ஆக்கும் புரதம் காழைச் சூழ்ந்த கலங்களில் அமர்ந்து, மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் இலைக்குப் போகும் உப்புக் குறைகிறது. யப்பானிய நெல்லிலும் இப்புரதம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அமினோவமிலங்களுள் நான்கே வேறு.

இதே நிறமூர்த்தத்தின் இப்பகுதியையே பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கேரளத்துப் பொக்காளி நெல்லில் இனங்கண்டு சோல்ரோல் என்று பெயரிட்டிருந்தார்கள். பொக்காளி, கொச்சியை அடுத்த கழிமுகச் சேற்றிலே மாரிமழை உப்பைக் கழுவும் மாதங்களில் வளர்வது. அறுவடைக்குப் பின் அதே வயலில் கடல்நீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். எங்கள் நாட்டில் அம்பலாந்தோட்டையில் ஆக்கப்பட்டு உவர்வயல்களுக்குச் சிபார்சு செய்யப்படும் ஏ.ரி. 354 நெல்லும் பொக்காளியின் வழிவந்ததே.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன, அது நியாயமே. ஆனால் பல நூறு ஆண்டுகள் அந்தச் சேற்றில் நின்று, கருகாத கதிரைப் பார்த்துக் கொய்து விதைக்கு வைத்த கைகள் யாருடையவை? அந்தக் கரையோர வயல்களிற் பெரிதும் உழைத்தவர்கள் புலையர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள் அவர்கள். பிறப்பினால் தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் காத்துக் கொடுத்த பிறப்புரிமையைத்தான் இன்று உலகத்து ஆய்வுகூடங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

இதைப் பையனிடம் சொன்னபோது அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எங்கட அப்புவும் அப்பிடித்தான் செய்தவர் சேர். உங்கட வயலிலைதான்" என்றான்.

எனக்கு அது தெரியாது. என் தந்தையாருக்குக் கடனீரேரியை அடுத்து எட்டுப் பரப்பு வயல் உண்டு. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. திரும்பி வந்த பின்னர் அந்த வயல் ஒழுங்காக விளைந்ததேயில்லை. உவர்நீர்த் தடுப்பணையின் பலகைகள் உக்கிப்போய்ப் பல வருடங்களாக எவரும் மாற்றவில்லை. கோடையில் கடல் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். வீட்டில் ஐயாவிடம் கேட்டேன். "ஓம், கிழவன்தான் எங்கட வயலுக்கு எல்லாம்" என்றார். விதைப்பு, வரம்பு, அருவிவெட்டு எல்லாம் அவன் பொறுப்பு. வேலிக்கு வெளியே நின்று சிரட்டையில் தேநீர் குடித்தவன். உவர் கரிக்கும் கீழ்வரம்போரத்தில் தப்பி நிற்கும் கதிர்களைத் தனியே கொய்து, அடுத்த வருடம் அந்தப் பக்கத்துக்கு அவற்றையே விதைப்பானாம். இடப்பெயர்வில் விதைநெல் போய்விட்டது. கிழவனும் முகாமிலே செத்துப்போனான். இவற்றையெல்லாம் ஐயா ஏகவசனத்தில், ஆனால் உண்மையான துயரத்தோடு சொன்னார். இரண்டும் ஒரே குரலில் இருந்தன.

அந்தப் பேரனும் நானும் 2016 புரட்டாதியில் ஏ.ரி. 354 விதைநெல் வாங்கிக் கீழ்வரம்போரத்தில் இரண்டு பரப்பில் விதைத்தோம். விதைக்குமுன் அவன் கேட்ட கேள்வியையும் குறிக்கவேண்டும். "விதையை உவர்த்தண்ணியிலை ஊறவைச்சுப் பழக்கினால், அதின்ரை பிள்ளை நெல்லும் தாங்கும்தானே சேர்?"

இடதுசாரி வாசகர்களுக்கு இந்தக் கேள்வியின் வரலாறு தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பயிரைச் சூழலாற் பழக்கினால் அப்பழக்கம் சந்ததிக்கு இறங்கும் என்று கூறிய லைசென்கோவைச் சோவியத் அரசு தூக்கி வைத்தது. உலகமெங்கும் அலைந்து பயிர்களின் விதைகளைத் திரட்டிய வவிலோவ் 1940இற் கைதுசெய்யப்பட்டு 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948இல் பிறப்புரிமையியலே அங்கு தடைசெய்யப்பட்ட விஞ்ஞானமாயிற்று. பிறப்பு விதியன்று என்று நாம் விரும்புவது நியாயம். ஆனால் நம் விருப்பத்துக்காக நெல் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. நம் பக்கத்தில் நின்றவர்கள் செய்த இக்கொடுமையை மூடிவைத்துவிட்டு, ஆசிரியர் அறைச் சாதிமானை மட்டும் விஞ்ஞானத்தால் அடிக்க எனக்கு உரிமையில்லை. பையனுக்குச் சொன்னேன்: ஊறவைத்தால் அந்த நாற்றுக்குச் சிறிது பயனிருக்கலாம்; பழகியதை நெல் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. கிழவர் நெல்லைப் பழக்கவில்லை, தெரிந்தெடுத்தார்.

நாற்றுகள் நன்றாக வந்தன. பக்கத்து வயலில் வேறு நெல் நுனி கருகி மஞ்சளாக நின்றபோது எங்கள் இரண்டு பரப்பும் பச்சையாக இருந்தன. ஐயா மாலைதோறும் வரம்புக்கு வந்து பார்த்தார். ஒருநாள் வீட்டு விறாந்தையில் அவனை உட்காரச் சொல்லிக் கோப்பையிலே தேநீர் கொடுக்கச் செய்தார். இதைப் பெரிதாகச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆயினும் எங்கள் வீட்டில் அது முதல் தடவை.

அந்த வருடம் மாரி பொய்த்தது. 2016இன் கடைசியிலும் 2017இன் தொடக்கத்திலும் நாடு முழுவதையும் வாட்டிய வரட்சியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மார்கழியில் நெல் பூக்கும் வேளையில் நிலம் வெடித்தது. அடியிலிருந்த உப்பு ஈரத்தோடு மேலேறி வெள்ளையாகப் பூத்தது. கதிர்கள் வெளிவந்தன, நிமிர்ந்து நின்றன. பால் பிடிக்கவில்லை. தையில் வெட்டிப் பார்த்தபோது பெரும்பகுதி சப்பட்டை.

நண்பர் விளக்கினார். நெல் உவருக்கு மிக அஞ்சும் காலங்கள் இரண்டு: நாற்றாயிருக்கும் வாரங்களும் பூக்கும் நாட்களும். நாற்றுக்குத் துணைநிற்கும் பரம்பரையலகுகள் பூவுக்கும் துணைநிற்கும் என்பதில்லை. சோல்ரோல் பெரிதும் நாற்றுப் பருவத்துக்கு உதவுவது. பூக்கும் பருவத்துக்கு வேறு அலகுகள். அவை பல, ஒவ்வொன்றும் சிறிதளவே பங்கு செலுத்துபவை. 2001இல் புன்வெற்றிடத்தில் உப்பை அடைக்கும் ஒரே ஒரு அலகை மிகையாக இயங்கச்செய்து, கடல்நீரின் ஐந்தில் இரு பங்கு உப்புள்ள நீரிலே தக்காளி காய்க்கச் செய்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. அந்தத் தக்காளி இன்றும் சந்தைக்கு வரவில்லை. ஆய்வுகூடத்துச் சாடி வேறு, மழை பொய்க்கும் வயல் வேறு.

நம்பிக்கை தருவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய கோதுமையினம் ஒன்றில் இருந்த, சோடியத்தை மறிக்கும் அலகொன்று இன்றைய பாண் கோதுமையின் உறவான துரும் கோதுமையில் இல்லாதுபோயிருந்தது. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் வழக்கமான கலப்பினாலேயே அதை மீட்டு, 2012இல், உவர்வயலில் விளைச்சல் 25 சதவீதம் வரை கூடியதென அறிவித்தார்கள். பயிராக வளர்க்கப்பட்ட காலத்தில், நல்ல நிலமும் நல்ல நீரும் கிடைத்த இடங்களில், அந்த ஆற்றலுக்கு வேலையின்றித் தொலைந்திருக்கலாம். உப்பைத் தள்ளுவதும் அடைப்பதும் இலவசமான தொழில்கள் அல்ல. ஒவ்வொரு சோடியத்தையும் வெளியேற்றச் செடி தன் சக்தியைச் செலவிடவேண்டும். வளர்ச்சிக்குரிய சக்தியிலிருந்துதான் அது போகிறது. கரைப் பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள் என்று பரிவோடு பேசும் சிலரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காக இதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஆனால் உவமையை இதற்குமேல் இழுக்க நான் அஞ்சுகிறேன். செடியின் பிறப்பை மனிதர்மேல் ஏற்றும் பழக்கத்திலிருந்துதான் எங்கள் வியாதியே பிறந்தது. எவ்வளவு நல்ல நோக்கத்தோடு ஏற்றினாலும் அது அதே பாதைதான். மேலும், எங்கள் வயலுக்கு உப்புக் கொண்டுவந்தது விதையன்று. உக்கிய பலகை.

பையன் 2017இல் சாதாரணதரப் பரீட்சை எழுதினான். தமிழில் மிகச் சிறந்த சித்தி. விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி. கணிதம் தவறிற்று. மறுமுறை எழுதும்படி இருமுறை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தகப்பனுக்குக் காலில் புண் ஆறாதிருந்தது. மூன்றாம் முறை போனபோது அவன் கடலில் நின்றான். மூத்த ஆசிரியர் இதை அறிந்ததும் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அப்போதாவது பேசினேன், கொஞ்சம் உரக்கவே பேசினேன். அதன்பின் அவர் ஓய்வுபெறும் வரை எங்களிடையே பேச்சு இருக்கவில்லை. அதனால் பையனுக்கு என்ன பயன் விளைந்தது என்று கேட்டால் விடையில்லை.

அவன் இன்றும் தொழிலுக்குப் போகிறான். மாரியில் எங்கள் கீழ்வரம்போரத்தில் ஒரு பரப்பு விதைக்கிறான். ஏ.ரி. 354இல் தப்பிய கதிர்களைக் கொய்து திரும்பத் திரும்ப விதைப்பதாக முதலிற் சொன்னபோது, உயிரியல் நண்பர் அதிற் பயனில்லை என்றார். தன் மகரந்தத்தாலேயே சூலுறும் நெல்லில், ஒரே தூயவழி விதைக்குள் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு இல்லாத இடத்தில் தெரிவுக்கு என்ன வேலை? கிழவரிடம் இருந்தது பல இயல்புகள் கலந்த பழைய நெல். அதனாற்றான் தெரிவு பலித்தது. இதை அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. அடுத்த புரட்டாதியில் வன்னியிலுள்ள மாமி வீட்டிலிருந்து ஒரு சுண்டு மொட்டைக்கறுப்பனும், வேறு யார் யாரிடமோ வாங்கிய பெயர் தெரியாத நெல்லும் கொண்டுவந்து கலந்து விதைத்தான்.

ஐயா 2021இற் காலமானார். கனடாவிலிருக்கும் அண்ணன் வயலை விற்றுவிடச் சொல்கிறார். இறால் பண்ணைக்காரர் ஒருவர் நல்ல விலை பேசியிருக்கிறார். எட்டுப் பரப்பும் சேர்ந்தால்தான் வாங்குவாராம். உறுதி எழுதுவதற்கு மாசியில் ஒரு நாளும் குறித்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னர் அவன் வந்தான். பழைய சீமெந்துப் பையில் ஒரு பிடி கதிர்கள். எல்லாம் நிறைந்த கதிர்கள் அல்ல. கதிருக்கு அரைவாசி மணி. "வரம்புக்குக் கிட்ட, வெள்ளை பூத்த இடத்திலை நிண்டது சேர். இதை எங்கை குடுத்தால் சோதிச்சுச் சொல்லுவினம்?"

கதிர்களை வாங்கி ஐயாவின் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை.